பவர் பத்திரம்: எவ்வளவு கொடுக்கலாம், எதுவரை செல்லும்

(புனேயில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேராவது கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ, தேஹு ரோடு ராணுவத் தொழிற்சாலையிலோ, கேம்ப் பகுதி அலுவலகங்களிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். உங்கள் குடும்பங்களின் நிலைமை எனக்குத் தெரியும். வீடு இங்கே வாக்கடிலோ தாபோடியிலோ இருக்கிறது. பூர்வீக நிலம் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ கிடக்கிறது. மகன் நியூஜெர்சியில், மகள் சிங்கப்பூரில். மூன்று இடத்தில் குடும்பம் இருந்தால் யாராவது ஒருவர் இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் பவர் என்கிறோம். பத்திர எழுத்தர் பொது அதிகாரப் பத்திரம் என்பார். இந்த ஊர் பதிவு அலுவலகத்தில் கேட்டால் குல்முக்தியார்பத்ர என்பார்கள்.

இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் கொடுத்தவருக்கு உயிரும் தெளிந்த அறிவும் இருக்கும் வரைதான் நம் நாட்டில் அந்தப் பவர் செல்லும். அப்பாவின் முதுமைக்கு என்று நினைத்து எழுதி வாங்கி பீரோவில் வைத்திருக்கும் பத்திரம், அவருக்கு நினைவு தப்பிய அன்றே வெறும் காகிதம் ஆகிவிடும். எதற்காக எழுதினோமோ அந்த நாள் வரும்போது அது உதவாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

இது எங்கே எழுதியிருக்கிறது? பவர் பத்திரத்துக்கென்று 1882-இல் வந்த தனிச் சட்டம் ஒன்று உண்டு. மிகச் சிறியது, ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். பவர் கொடுத்தவருக்கும் ஏஜென்டுக்கும் உள்ள உறவை முறைப்படுத்துவது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதன் 201-ஆம் பிரிவு, ஒரு ஏஜென்டின் அதிகாரம் எப்போதெல்லாம் முடிகிறது என்று சொல்கிறது. கொடுத்தவர் திரும்பப் பெற்றால் முடியும். ஏஜென்ட் எனக்கு வேண்டாம் என்று விலகினால் முடியும். ஒப்படைத்த வேலை முடிந்தால் முடியும். கொடுத்தவர் திவாலானால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தாலோ, மனநிலை பிறழ்ந்தாலோ முடியும். மூளையில் ரத்தக் கசிவு வந்து கோமாவில் படுத்தவரும், மறதி நோய் முற்றி மகளையே அடையாளம் தெரியாதவரும் தாமே ஒரு முடிவை எடுக்க முடியாதவர்கள். அவர்கள் பெயரில் இன்னொருவர் முடிவெடுப்பதற்கு அடித்தளம் இல்லை என்பதுதான் இந்தச் சட்டத்தின் கணக்கு.

நடைமுறையில் என்ன ஆகிறது? அப்பா மருத்துவமனையில் கோமாவில் இருக்கிறார். பணம் வேண்டும். பவர் கையில் இருக்கிறது என்று மகன் வீட்டை விற்றுக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் நாளைக்கு அண்ணனோ தங்கையோ வழக்குப் போட்டால், கையெழுத்திட்ட தேதியில் அப்பாவின் நிலை என்ன என்ற ஒரு கேள்வியிலேயே அந்தக் கிரயம் ஆட்டம் கண்டுவிடும். மருத்துவமனை ரிகார்டே சாட்சியாக நிற்கும். வாங்கியவர் பணமும் போய், மகன் மீது வழக்கும் வந்து, குடும்பமும் உடைந்துவிடும்.

மற்ற நாடுகள் இதற்கு வழி செய்திருக்கின்றன. அறிவு மங்கிய பிறகும் நீடிக்கும் பவருக்கு இங்கிலாந்து 1985-இலேயே சட்டம் செய்தது. 2005-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 2010-இலிருந்து அந்த முறை நடக்கிறது. அங்கே குடியிருக்கும் நம் பிள்ளைகள் பலர் தங்களுக்கு எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் இங்கே வந்து, "அப்பா, நீங்களும் ஒன்று எழுதி வைத்துவிடுங்கள், பிறகு கவலையில்லை" என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் பார்த்த சட்டம் வேறு. இங்கே அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை இல்லை. முதியவர்கள் இவ்வளவு பெருகிவிட்ட நாட்டில் இது பெரிய குறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நாடாளுமன்றம் இதைக் கையில் எடுக்க வேண்டும். அதுவரை இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பவரின் வகைகளைப் பார்த்துவிடுவோம்.

ஸ்பெஷல் பவர் என்பது ஒரே காரியத்துக்கானது. இன்ன சர்வே எண் நிலத்தை இன்னாருக்கு, இன்ன விலைக்குக் குறையாமல் விற்றுப் பத்திரம் பதிந்து கொடுக்க என்று எழுதுவது. வேலை முடிந்ததும் பவரும் முடிந்தது. ஜெனரல் பவர் என்பது பரந்தது. வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த, வங்கியில் போட எடுக்க, அடமானம் வைக்க, விற்க என்று பக்கம் பக்கமாகப் போகும். பத்திர எழுத்தர்களிடம் தயாராக ஒரு மாதிரி இருக்கும். உங்களுக்குத் தேவையா இல்லையா என்று பார்க்காமல் எல்லா வாசகத்தையும் போட்டுவிடுவார்கள். என் கருத்து தெளிவானது: ஸ்பெஷல் பவரில் முடியும் வேலைக்கு ஜெனரல் பவர் கொடுக்காதீர்கள். சொந்தத் தம்பியாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். தம்பி மேல் சந்தேகம் என்பதல்ல. எல்லை எழுதியிருந்தால் தம்பிக்கும் பாதுகாப்பு. பின்னால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜெனரல் என்று தலைப்பு இருந்தாலே எல்லாம் செய்யலாம் என்பதும் தவறு. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. 1971-இல் ஒரு பெண் தன் சகோதரிக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தார். 1985-இல் அதை ரத்தும் செய்தார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் சொத்து விற்கப்பட்டுவிட்டது. அந்தப் பத்திரத்தில் குத்தகைக்கு விடுவதற்கும் அடமானத்துக்கும் அதிகாரம் இருந்தது, ஆவணங்களை எழுதிப் பதிவு செய்யவும் வாசகம் இருந்தது, ஆனால் விற்க அதிகாரம் என்று ஒரு வரி இல்லை. வெளிப்படையாகச் சொல்லாத விற்பனை அதிகாரத்தை மற்ற வாசகங்களிலிருந்து ஊகித்துக்கொள்ள முடியாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு காகிதம், அதில் இல்லாத ஒரு வரி, அதற்காக உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது.

நம் ஊர்ச் சொத்து ஒன்றும் இந்த விஷயத்தில் சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்திருக்கிறது. கோரேகாவ் பார்க்கில் உள்ள ஒரு சொத்து. கணவர்கள் வாங்கிய கடனுக்காக வங்கி வசூல் நடவடிக்கை எடுத்தபோது, இதில் எங்கள் சொந்தப் பணமும் இருக்கிறது என்று மனைவியர் உரிமை கேட்டார்கள். ஆனால் அவர்கள் சாட்சிக் கூண்டு ஏறவில்லை. அவர்களுக்குப் பவர் ஏஜென்டாகக் கணவர் ஒருவரே சாட்சி சொன்னார். 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏஜென்ட் தாமே செய்த காரியங்களைப் பற்றிச் சாட்சி சொல்லலாம், பவர் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவருக்குப் பதிலாக நின்று சொல்ல முடியாது என்றது. ஆகவே வழக்கை நடத்தத்தான் பவர் கொடுக்கலாம். உங்கள் மனசாட்சிக்குப் பவர் கொடுக்க முடியாது. உங்களுக்காக இன்னொருவர் உயில் எழுதவும் முடியாது.

இனி புனே சுற்றுவட்டாரத்தில் மிகவும் ஏமாற்றம் விளைவிக்கும் இடத்துக்கு வருகிறேன்: பவரை வைத்தே சொத்து வாங்குவது.

ஊர் ஓரங்களில் ஒரு குண்டா, இரண்டு குண்டா மனை விற்பார்கள். ஒரு குண்டா என்பது 1,089 சதுர அடி. விவசாய நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதைத் தடுக்க 1947-லேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. அதனால் அவ்வளவு சிறிய மனையைப் பதிவு செய்ய முடியாமல் போகும். அதற்கு விற்பவர்கள் கண்டுபிடித்த வழி, முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், கூடவே ஒரு ஜெனரல் பவர், சில நேரம் ஓர் உயில், நோட்டரி முத்திரை. ஓய்வு பெற்ற பணத்தைக் கொண்டுபோய் இதில் போட்ட தொழிலாளர்கள் நம்மவர்களிலேயே எத்தனை பேர்! ஏழு-பன்னிரண்டு என்னும் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறாது, வங்கி கடன் தராது. விற்றவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் அவரோடு போய்விடும். பல ஆண்டுகள் கழித்து அரசு சிலவற்றை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது உண்மை. அந்தப் பயன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

2011 அக்டோபர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஹரியானாவிலிருந்து வந்த வழக்கு அது. விற்பனை ஒப்பந்தம், பவர், உயில் என்ற மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் அசையாச் சொத்தின் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்றது. அதே தீர்ப்பு, கணவன் மனைவிக்கோ பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ சொத்தைப் பார்த்துக்கொள்ளவோ விற்கவோ உண்மையாகக் கொடுக்கும் பவரையும், மனை மேம்பாட்டுக்காகக் கட்டுநருக்குக் கொடுக்கும் பவரையும் தொடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பவர் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பவர் விற்பனை ஆகாது என்றுதான் சொன்னது.

மகாராஷ்டிர முத்திரைச் சட்டமும் இதே வேறுபாட்டைப் பார்க்கிறது. அசையாச் சொத்தை விற்கும் அதிகாரத்தைப் பணம் வாங்காமல் பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தோர், மகள் போன்ற நெருங்கிய உறவுக்குக் கொடுத்தால் 500 ரூபாய் முத்திரை போதும். வெளியாளுக்குக் கொடுத்தால், பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கிரயத்துக்குக் கட்டும் அதே தீர்வை. உறவுப் பட்டியலில் உங்கள் ஏஜென்ட் வருகிறாரா என்று எழுதுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அசையாச் சொத்து தொடர்பான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஏஜென்ட் மூலம் கிரயம் பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இறந்துபோனவரின் பவரை வைத்து விற்றது தமிழ்நாட்டில் நிறைய நடந்ததால்தான் அந்தச் சான்று வந்தது.

2025-இல் நம் ஊர் முண்ட்வாவில் சுமார் 40 ஏக்கர் வதன் நிலம், அதாவது ஊர்ப் பணிக்காகப் பரம்பரையாகக் கொடுக்கப்பட்ட நிலம், 300 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டதாகப் பத்திரம் பதிவாகி, அது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டதை எல்லோரும் பத்திரிகையில் படித்தீர்கள். விசாரணையில் இருக்கும் விவகாரத்தில் யார் சரி, யார் தவறு என்று நான் பேசப் போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான வாரிசுகள் தனித்தனியாகக் கொடுத்த பவர் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது. அந்த ஒரு கையெழுத்தில் அத்தனை பேருடைய உரிமைக் கோரிக்கையும் அடங்கிவிட்டது. பரம்பரை நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், ஒரு பவர் மட்டும் கொடுங்கள் என்று யாராவது வந்தால், அந்தப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். பவர் பத்திரம் மராத்தியில் எழுதப்பட்டிருந்தால், படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாற்பது ஆண்டு இந்த ஊரில் இருந்து மராத்தி சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் பத்திர மராத்தி வேறு பாஷை. ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, நம்பகமான ஒருவரை வைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்பப் பெற முடியாத பவர் என்ற வகையும் உண்டு. ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவின்படி, ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை நலன் இருந்தால், அவருக்குப் பாதகமாக அதை நிறுத்த முடியாது. இன்று கோத்ருடிலும் ஔந்திலும் பழைய சொசைட்டிகள் இடித்துக் கட்டப்படுகின்றன. ரீடெவலப்மென்ட் ஒப்பந்தத்தோடு கட்டுநருக்குப் போவது இந்த வகைப் பவர்தான். பத்திரத்தில் திரும்பப் பெற முடியாதது என்று எழுதிவிட்டால் மட்டும் அப்படி ஆகிவிடாது, உண்மையில் நலன் இருக்க வேண்டும். கட்டுநர் பணம் போட்டிருக்கும்போது நலன் இல்லை என்று சொல்வது கடினம். எனவே கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். கட்டுநர் தமது பங்குக்கு வரும் புது ஃபிளாட்டுகளை மட்டும்தான் விற்கலாம், உறுப்பினர்களுடையதைத் தொடக் கூடாது. நிலத்தை அடமானம் வைக்கும் அதிகாரம் தேவையா என்று பொதுக்குழுவில் கேளுங்கள். குறித்த காலத்தில் வேலை தொடங்காவிட்டால் பவர் முடிந்துவிடும் என்று ஒரு வாசகம் போடச் சொல்லுங்கள். செயலாளர் சொல்லிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாடகை வீட்டில் பல வருடம் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பவர் அனுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அல்லது அந்நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்டு, அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அந்த ஹேக் உடன்பாட்டில் இந்தியா 2005-இலிருந்து இருக்கிறது. பத்திரம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த மூன்று மாதத்தைத்தான், வந்த தேதிக்குச் சான்றாகக் கூரியர் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள். புனேயில் இருக்கும் நீங்கள் தஞ்சாவூர் நிலத்துக்குப் பவர் கொடுப்பதானால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய சார்பதிவாளர் முன் இங்கேயே செய்யலாம். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் வழியிருக்கிறது. அவர் அறிவு தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்குச் சந்தைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு தரகு நிறுவனங்கள் கணக்குத் தொடங்கும்போதே பவர் எழுதி வாங்கும். வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு அடகு வைத்ததாகக் கார்வி நிறுவனத்தின் மீது 2019 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவு போட்டது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2022-இல் அந்தப் பவருக்குப் பதிலாக டிடிபிஐ என்ற குறுகிய அனுமதி வந்தது. நான்கு காரியத்துக்கு மேல் அது செல்லாது. பழைய கணக்கில் இன்னும் பவர் இருந்தால் ரத்து செய்துவிடலாம்.

ரத்து செய்வது எப்படி என்று பலரும் கேட்பீர்கள். வாயால் சொன்னால் போதாது. பதிவு செய்த பவர் என்றால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். ஏஜென்டுக்கு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ரத்து என்பது ஏஜென்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகும், வெளியாட்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பிறகும்தான் நடைமுறைக்கு வருகிறது என்பது 208-ஆம் பிரிவு. அதனால் சொசைட்டி, வங்கி, குடியிருப்பவர், எல்லோருக்கும் எழுதித் தெரிவியுங்கள். ஒரு மராத்தி நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுங்கள், தமிழ்நாட்டு நிலமானால் அங்கே ஒரு தமிழ் நாளிதழில். மூலப் பவர் பத்திரத்தைக் கையில் திரும்ப வாங்குங்கள்.

இனி ஆரம்பத்தில் தள்ளிவைத்த கேள்வி. அறிவு மங்கும் நாளுக்கு என்ன செய்வது?

வங்கியில் இருந்து தொடங்குங்கள். கணவன் மனைவி கணக்குகளை இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்று மாற்றுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரராகக் குறிக்கலாம். உடல் முடியாமல் கையெழுத்துப் போட முடியாதவருக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையோ வைக்கலாம். சாட்சியில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பல கிளைகளில் ஊழியர்களுக்கே இது தெரியாது, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவத்துக்குத் தனி ஆவணம். குணமாகாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் அந்த முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் போதும். உங்களுக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுதலாம். ஒரு பிரதியை மாநகராட்சியில் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கொடுக்க வேண்டும், குடும்ப மருத்துவருக்கும் ஒன்று கொடுங்கள். பவர் பத்திரம் செத்துப்போகும் இடத்தில்தான் இந்தக் காகிதம் உயிர் பெறுகிறது.

சொத்து விஷயத்தில் பவரும் வங்கி ஏற்பாடும் கைகொடுக்காத நிலை வந்துவிட்டால், உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருடைய சொத்தை விற்றுச் சிகிச்சைச் செலவைப் பார்க்க மனைவிக்கு அனுமதி கொடுத்தது. அங்கே போகும்போது மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்துப் பட்டியல், இதுவரை ஆன செலவின் ரசீதுகள் ஆகியவை தயாராக இருந்தால் காரியம் விரைவாக நடக்கும். பெரியவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது இதுதான்: உங்கள் சொத்து, கணக்கு, காப்பீடு, பத்திரங்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். தீபாவளிக்கு அவர்கள் வரும்போதே செய்யுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பத்திரம் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு அருகே வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.